மழை இரவுக்குப் பின் கிளம்ப மறுத்த லேண்ட் ரோவர்

மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பழைய லேண்ட் ரோவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேறும் சரிவுமான தோட்டப் பாதைகளில் முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு இறங்க இன்னும் அதைத்தான் பலர் நம்புகிறார்கள். ரிங்லெட்டுக்கு மேலே, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் இருப்பது 1978ஆம் ஆண்டின் சீரிஸ் 3 பிக்கப். 109 அங்குல வீல்பேஸ், 2,286 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பல வருடங்களாக அதற்கு இரண்டு நோய்கள் இருந்தன. நின்ற இடத்தில் ஓடவிட்டால் எஞ்சின் குலுங்கும். கியர் கம்பி கைக்கு அடங்காமல் ஆடும். இரவில் மழை பெய்திருந்தால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். ஆனால் கீழே சாலையில் கூடைகளுக்காக நிற்கும் லோரி வெயில் வரும்வரை காத்திருக்காது.

"மழை விட்டால்தான் இது எழும் தம்பி, அதன் குணம் அப்படி" என்று சித்தப்பா சொல்லிவிடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த எஞ்சின் மழைநாட்டில் வடிவமைக்கப்பட்டது. இதைவிட மோசமான ஈரத்திலும் வேலை பார்த்திருக்கிறது. நாற்பது வருடங்களுக்கு மேலான வண்டி என்பதற்காக ஒரு கோளாறைக் குணம் என்று ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை.

முன்பு பார்த்த பட்டறையில், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலையும், சிலிண்டருக்குள் அந்தப் பொறியை விடும் பிளக்குகளையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்து, பழையபடி ஆகிவிட்டது. குலுக்கமும் மழைக்கால மக்கரும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. நான் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மழைக்கும் இந்தக் குலுக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? சித்தப்பா யோசித்துவிட்டு, "இல்லை, அது வெயிலிலும் குலுங்கும்" என்றார். அங்கேயே பாதி வேலை முடிந்தது. வானிலையோடு மாறாத கோளாறைக் காற்றும் பெட்ரோலும் போகும் வழியில் தேடலாம். வானிலையோடு மாறுவதைத் தீப்பொறி போகும் வழியில் தேடலாம். இரண்டையும் தனித்தனியாகவே தொடங்கினேன்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைத்தேன். பிளக் பேசுவதுபோல் வேறு எந்தப் பாகமும் பேசாது. முன்பக்கத்து இரண்டும் மைபூசியதுபோல் கறுத்து, தொட்டால் விரலில் கரி ஒட்டியது. பின்பக்கத்தில் இருந்தவை வெளுத்திருந்தன. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் ஒரே கார்புரேட்டரிலிருந்து குடிக்கும் எஞ்சினில் ஒரு பக்கம் பெட்ரோல் மிகுதி, மறுபக்கம் காற்று மிகுதி என்றால், கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு பின்பக்கத்தில் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. அதோடு கார்புரேட்டரும் தன் பங்குக்கு அதிகமாகக் கொடுக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. மலையடிவாரத்துத் தாப்பாவில் சரியாக இருக்கும் கார்புரேட்டர் அமைப்பு இங்கே ஏறி வந்ததும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகத்தான் தெரியும். ஆனால் இவ்வளவு கரிக்கு உயரம் மட்டும் காரணமாக முடியாது.

அடுத்து மேனிபோல்டில், அதாவது கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதியில், எஞ்சினின் இழுவையை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டினேன். மலையில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருந்தால் எஞ்சின் நலம் என்று கேஜ் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். அது கடல்மட்டத்துக்கான கணக்கு. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் நான்கு அங்குலம் கழிய, 13 முதல் 17 வரை இருந்தால் போதும். அது தெரியாமல் 15ஐப் பார்த்துவிட்டு வால்வைக் கழற்றப் போகிறவர்கள் உண்டு. சித்தப்பாவின் வண்டி காட்டியது 10க்கும் 11க்கும் நடுவே. முள் ஓரிடத்தில் நிற்காமல் மிதந்துகொண்டிருந்தது. கழிவு போகவும் இது குறைவுதான்.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். இந்த எஞ்சினில் அது ஆபத்தான வழி. காற்று உள்ளே போகும் மேனிபோல்டும் புகை வெளியேறும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இணைத்தபடி இருக்கின்றன. பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் எரியக்கூடிய திரவத்தைத் தெளிக்க எனக்கு மனமில்லை. செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப் பாட்டிலே போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய சாரலாக அடித்தேன். கார்புரேட்டரின் அடியில் மாற்றமில்லை. மேனிபோல்டின் இழுவையைப் பிரேக்குக்கு உதவியாகக் கொண்டுபோகும் சர்வோ ஹோஸிலும் மாற்றமில்லை. மேனிபோல்டின் பின்கோடியில், சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் சாரல் பட்டதும் எஞ்சின் ஒரு கணம் சீராகி, கேஜ் முள் ஓர் அங்குலம் மேலே போனது. தண்ணீர் இடுக்கை அடைத்திருந்த அந்த ஒரு கணம் வண்டி எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஓடியது. சித்தப்பாவைக் கூப்பிட்டு மறுபடி அடித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது, கோளாறைக் குணம் என்று சொல்வதை இனி விட்டுவிடுவார் என்று தோன்றியது.

கழற்றிப் பார்த்தால், இணைப்பின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டின் பின்முனை கருகி, காகிதம்போல் உரிந்து வந்தது. அங்கே காற்று புகக் காரணம் கேஸ்கெட்டின் வயது மட்டுமில்லை. முன்பு யாரோ இரண்டு மேனிபோல்டுகளையும் வெளியிலேயே ஒன்றாக இறுக்கிவிட்டு, அப்படியே கொண்டுபோய் ஹெட்டில் மாட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டின் முகமும் ஒரே தளத்தில் உட்காராது. ஒன்று அழுந்தும், மற்றொன்று இடைவெளி விடும். சரியான முறை இதற்கு நேர்மாறு. இரண்டையும் இணைக்கும் நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கித் தளர்வாக விட வேண்டும். ஹெட்டோடு சேர்க்கும் நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவை முழுவதும் உட்கார்ந்த பிறகே இணைப்பு நட்டுகளை இறுக்க வேண்டும். நானும் அப்படியே மாட்டினேன். எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது, ஹெட் பக்கத்து நட்டுகள் சற்று இடம் கொடுத்தன. புதிய கேஸ்கெட் படியும்போது இது இயல்புதான். இந்த இரண்டாவது இறுக்கலைத் தவிர்த்தால் முதல் வேலை வீண்.

இனி கார்புரேட்டர். இதில் இருப்பது ஜெனித் 36 ஐவி. ஐட்லிங் கலவைத் திருகை மெல்ல உள்ளே திருகிக்கொண்டே போனேன். நல்ல கார்புரேட்டரில் அது மூடிக்கொள்ளும்போது எஞ்சின் தடுமாறி நின்றுவிட வேண்டும். இங்கே முழுவதும் மூடிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது ஐட்லிங்குக்கான பெட்ரோல் அந்தத் திருகு வழியாக வரவில்லை. வேறு எங்கோ கசிந்து வருகிறது. இந்த வகைக் கார்புரேட்டரில் அந்த இடம் எதுவென்று பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். மேல்மூடிக்கும், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகள் பொருத்திய உள்கட்டைக்கும் நடுவே ஓ ரிங் என்னும் சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பல வருட எஞ்சின் சூட்டிலும், மூலைத் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கியதிலும் இரண்டு முகங்களும் வளைந்துவிடும். ஓ ரிங் தட்டையாகிப் பிடிப்பை இழக்கும். பிறகு எஞ்சினின் இழுவை தன் விருப்பத்துக்குப் பெட்ரோலை உறிஞ்சும்.

கழற்றி, உள்கட்டையைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்து விரலால் ஒரு மூலையை அழுத்தினேன். எதிர்மூலை எழும்பியது. கண்ணாடியின் மேல் 400 நம்பர் ஈர உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டு எழுதுவதுபோல் வட்டமாகத் தேய்த்தேன். முதலில் ஓரங்கள் மட்டும் பளபளத்தன. நடுவில் பழைய மங்கல் நிறம் தீவாக நின்றது. அந்தத் தீவு சுருங்கிச் சுருங்கி மறைந்தபோதுதான் நிறுத்தினேன். மேல்மூடிக்கும் அதே வேலை. இதில் பொறுமை வேண்டும். இயந்திரத்தில் கொடுத்துச் சீவச் சொன்னால் தேவைக்கு மேல் எடுத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் துளைகளின் ஆழம் மாறிவிடும். எல்லாத் துளைகளையும் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, புது ஓ ரிங்கும் கேஸ்கெட்டும் போட்டு, திருகுகளை எதிரெதிர் மூலைகளாக அளவோடு இறுக்கினேன்.

வால்வு இடைவெளியையும் பார்த்தேன். இந்த எஞ்சினில் இன்லெட், எக்சாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு இறுகியிருந்தன, சரிசெய்தேன்.

ஓடவிட்டதும் கேஜ் 15ல் போய் நின்றது. கலவைத் திருகை உள்ளே திருகினால் எஞ்சின் தடுமாறியது. வெளியே திருகினால் எழுந்தது. திருகுக்குக் கீழ்ப்படியும் எஞ்சின் கிடைத்துவிட்டது. குலுக்கம் போய்விட்டது, முதல் நோய் தீர்ந்தது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் மழை இல்லாததால் காலையிலும் வண்டி உடனே கிளம்பியது. சித்தப்பா எல்லாம் சரியாகிவிட்டது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கரி படிந்த பிளக் ஈர நாளில் ஸ்டார்ட் ஆவதைக் கடினமாக்கும் என்பது உண்மை. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாக வேண்டியது அதன் வழியாகக் கசிந்து எஞ்சினின் இரும்புக்குப் போய்விடும். அந்த வகையில் முதல் நோய் இரண்டாவதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. பட்டறையில் புது பிளக் போட்டதும் கொஞ்ச நாள் நன்றாக ஓடியதற்கும் இதுதான் விளக்கம். ஆனால் ஈரம் எந்த வழியாக உள்ளே புகுந்து பொறியைத் திருடியதோ அந்த வழி அப்படியே திறந்துதான் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் மழைக்காலத்தை எதிர்கொள்ளக் கூடாது.

அதைப் பார்ப்பதற்கு இருட்டு வேண்டும். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரவு கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். அதே தண்ணீர்ப் பாட்டிலால், கையை எட்ட வைத்துக்கொண்டு, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் சாரல் அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. மூடி நன்றாக நனைந்ததும் ஒரு பிளக் வயரின் ரப்பர் தொப்பிக்கடியிலிருந்து நூலைப்போல் மெல்லிய நீலக் கோடு புறப்பட்டு, மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பை நோக்கி ஊர்ந்தது. ஒவ்வொரு பொறிக்கும் அந்தக் கோடு சற்றே வேறு வழியில் வளைந்தது. உடனே எஞ்சின் ஒரு சிலிண்டரை இழந்து இருமியது. காயிலின் கழுத்திலும் அதே நீலம். காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இணைக்கும் நடு வயரின் மேல், உறை வெடித்திருந்த இடத்தில், ஊசிமுனை அளவு வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. பகலில் எத்தனை முறை குனிந்து பார்த்தாலும் இவற்றில் ஒன்றும் தென்படாது.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உட்புறத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு மயிர்க்கோடு. துடைத்தால் போகவில்லை. பொறி ஒருமுறை ஈரத்தின் மேல் ஓடினால் பேக்கலைட்டின் மேற்பரப்பைக் கருக்கிவிடும். அந்தக் கருகல் கரி. கரி மின்சாரத்துக்கு வழி. அதன்பிறகு கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியிலேயே போகும். போகப் போகக் கருகலும் ஆழமாகும். இதைச் சுரண்டி வார்னிஷ் அடித்துச் சரிசெய்யலாம் என்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. கோடு விழுந்த மூடியைத் தூக்கிப் போட வேண்டும்.

மூடிக்குள் சுழன்று பொறியை முனைமுனையாகக் கொடுக்கும் ரோட்டரும் சந்தேகத்துக்குரியது. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவான வகை அது. அந்த ரிவெட் அடியில் நீண்டு, நடுத்தண்டுக்கு மிக அருகே வந்துவிடுகிறது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தால் பொறி அதைத் துளைத்துத் தண்டுக்கே இறங்கிவிடும். ரிவெட் இல்லாமல் தகட்டை வார்த்தே பதித்த வகையை வாங்கிப் போட்டேன். விலை கூடுதல்தான். நடுத் தோட்டத்தில், மழையில், கூடைகளோடு நிற்பதற்கு அது மேல்.

பிளக் வயர்களை மல்டிமீட்டரில் அளந்தபோது மூன்று ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. நான்காவது அவற்றைப்போல் நான்கு மடங்குக்கு மேல். வளைத்து அளந்தால் தொடர்பே அறுந்தது. முழுச் செட்டையும் சிலிக்கான் உறை போட்டதாக மாற்றினேன். தொப்பிகளின் உள்விளிம்பில் மட்டும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினேன். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் தேவையில்லை. எரிப்பு வரிசை 1-3-4-2 என்பதை வயர்களை எடுக்கும் முன்பே மூடியின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைப்பது நல்லது.

காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்டைப் புதிதாகப் போட்டு இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்தேன், 0.35 முதல் 0.40 வரை இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்கு வரும் குட்டி வயரையும் மறக்கக் கூடாது. பொறி விழும் நேரத்தை எஞ்சினின் இழுவையால் மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அது வளைந்து நிமிர்கிறது. உறை வெடித்து உள்ளே நரம்பு ஒன்றிரண்டு மட்டும் மிச்சமிருந்தது. மென்மையான வயரால் மாற்றிப் பற்றவைத்தேன். பிளக் இடைவெளி 0.80 மில்லிமீட்டர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பொறி கசிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நிற்பதில்லை, ஒரு சிலிண்டரை இழந்து ஓடுகிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஏன் முழுத் தோல்வி? பதில் பேட்டரி பக்கம் இருந்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கும். காயிலுக்குக் கிடைப்பது அந்த மிச்சம்தான். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 36 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே பொறி மிகவும் பலவீனமாக இருக்கும் நேரமே ஸ்டார்ட் செய்யும் நேரம். அதே நேரத்தில்தான் ஈரமும் அதிகம், எஞ்சினும் குளிர்ந்திருக்கிறது.

காயிலுக்குப் போகும் நடு வயரைக் கழற்றி அதன் முனையை எஞ்சினின் இரும்போடு இணைத்துவிட்டு, சித்தப்பாவை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். மின்சாரம் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பு நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குக் கீழ் காட்ட வேண்டும். 1.4 காட்டியது. சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் பட்டை பச்சை பூத்து, போல்டுக்கடியில் துருவும் பெயின்ட்டும் படிந்திருந்தன. புதுப் பட்டை போட்டு, இரும்பு வெளிச்சமாகத் தெரியும்வரை இரண்டு முனைகளையும் சுரண்டி இறுக்கினேன். 0.2க்கு வந்தது. சுழலும் வேகமே காதுக்கு வித்தியாசமாகக் கேட்டது. இந்தச் சோதனைக்கு மீட்டரைத் தவிர ஒரு காசும் செலவில்லை. காயிலை மாற்றுவதற்கு முன் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

தண்ணீர் உள்ளே வரும் வழியையும் கொஞ்சம் மறித்தேன். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எஞ்சின் விசிறி வாரியிறைக்கும் தண்ணீர் நேரே டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் இருக்கப் பழைய லோரி டியூப்பை வெட்டி ஒரு தடுப்பு மாட்டினேன். அது திறந்த தடுப்பு. காற்று சுற்றிவர இடம் விட்டிருக்கிறேன். சிலர் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுகிறார்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பைக்குள்ளேயே ஈரம் வியர்த்துப் படியும். மழையே இல்லாத பனிக்காலையிலும் வண்டி மக்கர் செய்யும். இன்னொரு பழக்கம், காகிதத்தைக் கொளுத்தி மூடியைக் காயவைப்பது. சோக்கை இழுத்து இழுத்துப் பார்த்த வண்டியில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. உலர்ந்த துணியால் மூடியை உள்ளும் புறமும் துடைத்து, ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடித்தாலே போதும்.

நவம்பர் மழையில் கொட்டகைக்கு வெளியே, வேண்டுமென்றே திறந்த வெளியில் இரவு முழுவதும் நிறுத்திவைத்தோம். விடியலில் சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரைத் தட்டியதும் எழுந்தது. "இந்தச் சனியனை விற்கலாம் என்று இருந்தேன்" என்றார் சித்தப்பா, பின்கதவைத் திறந்து கூடைகளை அடுக்கிக்கொண்டே.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கேஜ் முள் இன்னும் மிக லேசாக நடுங்குகிறது. கார்புரேட்டரின் திராட்டில் தண்டை விரலால் ஆட்டினால் சற்று ஆட்டம் தெரிகிறது. அந்தத் தேய்மானத்தின் வழியாகவும் கொஞ்சம் காற்று போகிறது. அதற்குப் புஷ், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் உலோக வளையம், அடிக்க வேண்டும். ஈப்போவில் கடைசல் வேலை செய்பவர் ஒருவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அடுத்த அறுவடைக்கு முன் வண்டிக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தால் மாட்டிவிடலாம்.